மூன்றாவது பேட்டரி

ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்கிறவர் எந்த இடத்தில் அதை விடுவார்? அந்த இடம் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்குமா? கட்டுமாவடியில் சம்சுன் நிஹாரை அறிந்தவர்கள் இதை இப்படிக் கேட்டதில்லை. "அந்தப் பொம்பள எதையாச்சும் எப்பவாச்சும் விட்டுருக்கா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி மரியாதை, பாதி எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. கஜா புயல் அடித்த வருடம் கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் ஊருக்குக் கரண்ட் இல்லை. அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வேனில் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஊரே போனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நிஹார் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வேனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யார் வீட்டு ஆள் வெளிநாட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுப் போனுக்கு முதல் பிளக். மற்றவர்கள் அப்புறம். அந்த வேலைக்கு அவளை யாரும் வைக்கவில்லை.

"நாங்க இங்கிட்டே கெடக்குறோம்கிறதுக்காக எங்களுக்கு போன் வேணாமா?" என்று ஐஸ் கம்பெனி ரெங்கராஜ் சண்டைக்கு வந்தார்.

"நீங்க உசுரோட இருக்கீங்கன்னு ஒங்க வீட்ல கண்ணால பாத்துட்டுத்தானே இருக்காங்க. அங்க இருக்கவுக எதப் பாப்பாக? அங்கிட்டுப் போயி நில்லுங்க."

ரெங்கராஜ் போய் நின்றார். அவருடைய தாயார் அப்போது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நிஹார் வரிசையை மாற்றவில்லை. அவளைப் புகழ்கிறவர்கள் ஜெனரேட்டர் கதையின் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வதில்லை.

அவளுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கணவர் அன்வர் பாட்சா அதில் பெரும்பகுதியை ஷார்ஜாவில் மார்பிள் அறுக்கும் பட்டறையில் கழித்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த புதிதில் வீட்டில் எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று மகள் நாஜியா அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். அவருக்குப் பழகி முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். வீட்டைக் கட்டியது, தண்ணீருக்குப் போர் போட்டது, நாஜியாவைப் படிக்கவைத்து அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்தது எல்லாம் நிஹார். கணவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததைவிட அவர் குரலைக் காதில் வைத்துக்கொண்டு நடமாடியதுதான் அவளுக்கு அதிகம்.

அந்தக் குரல் மெலிந்துகொண்டே வந்ததை முதலில் கவனித்ததும் அவள்தான். ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினார். பிறகு நாலாக. கல் தூசி நுரையீரலுக்குள் போய்ப் படிந்துவிட்டது, இனி அது போகாது, ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸைத் துணைக்குப் போட்டு ஊருக்கு அனுப்புகிறோம் என்றது கம்பெனி. மாதங்கள் போயின. எப்போது கேட்டாலும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

"ஏற்பாடு முடியிறதுக்குள்ள ஆளு முடிஞ்சிருவாருபோல," என்றாள் நிஹார். பாஸ்போர்ட் எடுத்தாள். அதுவரை விமானத்தை வெளியிலிருந்துகூடப் பக்கத்தில் பார்த்ததில்லை.

"ஒனக்கு என்னம்மா தெரியும்? நான் போறேன்," என்றாள் நாஜியா. அவளுக்கு அப்போது கைக்குழந்தை.

"தெரியாதுங்கிறது அங்க போனாத் தெரிஞ்சுரும். நீ திருச்சிக்குக் கார் கொண்டாந்து நில்லு. அது போதும்."

அவள் ஷார்ஜாவில் போய் இறங்கியபோது, அன்வர் பாட்சா தங்கியிருந்த அறையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் சேர்ந்து, தோளில் தொங்கவிடும் பை அளவுக்கு ஒரு ஆக்சிஜன் மெஷினை அவருக்காக வாங்கி வைத்திருந்தார்கள். சுற்றியிருக்கும் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்டிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பேட்டரி நிறைந்திருந்தால் நாலு பச்சைக் கோடு காட்டும். குறையக் குறையக் கோடு ஒவ்வொன்றாக அணையும்.

டிக்கெட் போடும்போது விமானக் கம்பெனி நிபந்தனைகளைச் சொன்னது. டாக்டரின் சான்று வேண்டும். பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கையில் இருக்க வேண்டும். உபரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

"சீட்டுல பிளக் இருக்குன்னாங்களே?" என்று நிஹார் போனில் கேட்டாள்.

"அதை நம்பி வராதீங்க மேடம். அது போன் சார்ஜ் பண்ணத்தான். அதுவே எல்லா நேரமும் வேலை செய்யும்னு சொல்ல முடியாது. பவர் பேங்க்கும் உள்ளே பயன்படுத்தக் கூடாது. மெஷின் அதோட பேட்டரியிலதான் ஓடணும்."

பேட்டரி மூன்று இருந்தது. ஒன்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். திருச்சிக்குப் பறக்க நாலு மணி நேரம். நிஹார் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டாள். தாராளமாகவே இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாமான்கள் வர ஆரம்பித்தன. வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர் தன் பெட்டியை மட்டும் கொண்டுபோவது கடற்கரைப் பக்கத்தில் வழக்கமில்லை. செய்தி தெரிந்ததும் அக்கம்பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் பொட்டலம் வரும். ஊரிலிருந்து திரும்பும்போது கருவாடும் ஊறுகாயும் அதே மாதிரி எதிர்த்திசையில் வரும். மூடித்தான் கொடுப்பார்கள். மூடினபடியே வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே என்ன என்று கேட்டால், உன்னை நம்பவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். ஊரில் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்ட நிஹார் இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை. நம் வழக்கங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நிற்கின்றன.

அறையில் மூத்தவரான கிபாயத்துல்லா, ஜெகதாப்பட்டினத்துக்காரர், ஒரு கம்பளியைச் சுருட்டி, மேலே துணி சுற்றி, கோணி ஊசியால் தைத்து எடுத்துவந்தார்.

"கம்பளிதான் தங்கச்சி. பேத்தி ரூமானாவுக்கு. மழைக்காலம் வருதுல்ல."

"ஜெகதாப்பட்டினத்துல கம்பளி போத்துற அளவுக்கு எங்கண்ணே குளிரு?"

"குளிரு வந்தாப் போத்தட்டும். வராட்டி மேல ஏறி வெளையாடட்டும். நீ பெட்டில வையி."

அன்வர் பாட்சா கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. நிஹார் கம்பளியைப் பெட்டியின் அடியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள்.

மறுநாள் காலையில் விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்தவர், பெட்டியை நீங்களே கட்டினீர்களா, உள்ளே பேட்டரி ஏதும் உண்டா என்று இந்தியில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். கட்டியது தான்தான், பேட்டரி மூன்றும் கையில் இருக்கிறது என்று நிஹார் பதில் சொன்னாள். அவள் அறிந்தவரை அது உண்மை.

சோதனையெல்லாம் முடிந்து உள்ளே வந்ததும் அவள் முதலில் தேடியது பிளக் இருக்கும் இடத்தை. விமானம் ஏறும்வரை மெஷின் கரண்டில் ஓடினால் மூன்று பேட்டரியும் முழுசாக மிஞ்சும். கூடத்தின் நடுவில் ஒரு தூணைச் சுற்றிப் பிளக்குகள் இருந்தன. தூணே தெரியாதபடி ஆட்கள் தரையில் உட்கார்ந்து போனைச் சொருகியிருந்தார்கள். வீடியோ காலில் ஒருவர், சினிமா பார்ப்பவர் ஒருவர், ஒயரைப் பிடித்தபடியே தூங்குகிறவர் ஒருவர். நிஹார் கணவரின் சக்கர நாற்காலியை அவர்கள் கால்மாட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தம்பிகளா, ஒரு பிளக் விடுங்க. இவருக்கு மூச்சு இதுலதான் ஓடுது."

முதலில் எழுந்தவர் குன்றாண்டார்கோவில் பக்கத்து மலையாண்டி. கிரேன் ஓட்டுகிற ஆள், நல்ல உயரம்.

"வாங்கக்கா, இங்கன சொருகுங்க. டேய், ஒம் பொண்டாட்டி மொகத்த ஊருக்குப் போயி நேர்லயே பாத்துக்கலாம். கழட்டுடா ஒயர."

"எனக்கு மூணு பர்சென்ட்தான் இருக்குண்ணே!"

"ஒனக்கு இருக்க மூளைக்கு அது போதும். கழட்டு."

மெஷின் கரண்டில் ஓட ஆரம்பித்தது. நிஹார் அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் அன்வர் பாட்சாவின் பெயர் வந்தது. தமிழ் பேசும் ஒரு பணியாளர் தேடிவந்து, உங்கள் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், கீழே வாருங்கள் என்றார். கணவரை மலையாண்டியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் போனாள்.

கீழே ஓர் அறையில் அவளுடைய பெட்டி தனியாகக் கிடந்தது. எக்ஸ்ரே படத்தில் அடியில் ஒரு கட்டை மாதிரி தெரிகிறது, அதை எடுங்கள் என்றார்கள். கயிற்றை அவிழ்த்தாள். கம்பளியை எடுத்தாள். கிபாயத்துல்லாவின் தையல் ஒன்றொன்றும் கப்பல் பாய்க்குப் போட்ட தையல்போல இருந்தது. கத்தரிக்கோல் தர ஆள் இல்லை. நகத்தால் பிரித்தாள், பல்லால் கடித்தாள். கம்பளியின் நட்டநடுவில், ஒரு குழந்தையின் கவுனில் சுற்றி, செங்கல் கணக்காக ஒரு பவர் பேங்க். உடைந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பத்திரம். எந்த வீட்டிலும் கண்ணாடிச் சாமானையும் எலக்ட்ரிக் சாமானையும் அப்படித்தான் வைப்பார்கள், துணியின் வயிற்றுக்குள்.

"இது என்ன?"

"எனக்குத் தெரியாது."

"பெட்டியை நீங்கள்தானே கட்டினீர்கள்?"

அந்தப் பொருளில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று எழுதியிருந்த இடம் தேய்ந்து போயிருந்தது. கையில் கொண்டுபோகவும் அனுமதி இல்லை, இங்கேயே விட்டுவிடுங்கள் என்றார்கள். விட்டாள். பிறகு ஒரு கையெழுத்து, அது முடிந்து இன்னொரு அதிகாரி, அவர் வரும்வரை காத்திருப்பு. பெட்டியை மறுபடி கட்டும்போது மேலே இருக்கும் மனிதரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்தபோது தூணடியில் மலையாண்டி மட்டும் நின்றார். கையில் மெஷினின் கரண்ட் ஒயர்.

"வீல்சேர்க்காரங்களத்தான் மொதல்ல ஏத்தணும்னு ஆளு வந்து தள்ளிட்டுப் போயிட்டாருக்கா. சொல்லச் சொல்லக் கேக்கல. நான் ஒயரப் பிடுங்கிட்டு ஒங்களுக்காக நிக்கிறேன்."

கேட்டில் அன்வர் பாட்சா பேட்டரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அங்கே பிளக் எதுவும் கண்ணில் படவில்லை. முதலில் ஏற்ற வேண்டியவரை முதலில் கொண்டுவந்துவிட்டார்கள், ஏற வேண்டிய விமானம்தான் இன்னும் வந்து சேரவில்லை. அது வந்து, ஆட்கள் ஏறி, உள்ளேயும் நெடுநேரம் நின்று, கிளம்புவதற்குள் முதல் பேட்டரியின் கடைசிக் கோடும் அணைந்தது. நிஹார் இரண்டாவதை மாட்டினாள். அவளுடைய தாராளம் அங்கேயே முடிந்துவிட்டது.

சீட்டுக்கு நடுவில் ஒரு பிளக் இருந்தது. சிறிய பச்சை விளக்கும் எரிந்தது. அவள் ஒயரை எடுத்ததைப் பார்த்து மூத்த பணியாளர் ஆரோக்கியதாஸ் வந்து குனிந்தார்.

"அம்மா, இது அந்த மெஷினுக்குத் தாங்காதும்மா. இழுத்தா இந்த வரிசைக்கே கரண்ட் போயிரும்."

"தாங்குதான்னு பாத்துருவோமே தம்பி."

"பாக்கக் கூடாதும்மா. பறக்கும்போது எதையும் சோதிச்சுப் பாக்க மாட்டோம். பேட்டரி எத்தனை இருக்கு?"

சொன்னாள். மனதுக்குள் கணக்குப் போட்டவர் தலையாட்டினார். "போதும்மா. நான் அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்."

எதிர்ச் சீட்டில் இருந்தவர் நல்ல மனதோடு தன் பவர் பேங்கை எடுத்து நீட்டினார். ஆரோக்கியதாஸ் அதையும் உள்ளே வைக்கச் சொன்னார். பவர் பேங்கைப் பார்த்ததும் நிஹாருக்குக் கிபாயத்துல்லாவின் முகம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்தாள். தையலைக் கடித்த பல் இன்னும் வலித்தது.

கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தபோது அன்வர் பாட்சா அவள் கையைத் தொட்டார்.

"நிஹாரு. கொஞ்ச நேரம்... அணைச்சு வையி. மிச்சமாகும்."

"பேசாம இருங்க. பேசுனா மூச்சுத்தான் செலவாகுது."

"நான் தாங்குவேன்."

"நீங்க தாங்குவீங்க. எனக்கு அதப் பாத்துட்டு உக்காந்திருக்க ஏலாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனில் இருந்தால் தெரிந்திருக்கும். இருபத்தாறு வருடப் பழக்கம் குரலோடுதான். முகத்தோடு அவளுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை.

ஊர் நெருங்கியபோது மூன்றாவது பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதத்து மத்தியானம். கீழே மேகம் கருங்கல் பாறையாக அடுக்கியிருந்தது. திருச்சிக்கு மேலே விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது. பிறகு கேப்டனின் குரல் வந்தது. கீழே கனத்த மழை, இடி, இறங்க வழியில்லை, கொச்சிக்குப் போய்க் காத்திருப்போம்.

"கொச்சிக்கா!" என்று விமானமே அலறியது. "அங்க நமக்கு என்ன சம்பந்தி வீடா இருக்கு?" என்றார் மலையாண்டி பின்னாலிருந்து. கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நிஹார் சிரிக்கவில்லை. பச்சைக் கோடு மூன்றாக இருந்தது.

கொச்சியில் இறங்கி நின்றபோது இரண்டு. மழை எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விட்ட பிறகு திருச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். நிஹார் எழுந்து போய் ஆரோக்கியதாஸின் முன்னால் நின்றாள். தீர்ந்துபோன பேட்டரி ஒன்றும், பேட்டரியைத் தனியாகப் போட்டுச் சார்ஜ் ஏற்றும் கருவியும் அவள் கையில் இருந்தன.

"தம்பி, இதக் கீழ எங்கயாச்சும் சொருகித் தாங்க."

"யாரும் இறங்கக் கூடாதும்மா. பேட்டரியையும் இப்படிக் கைமாத்தி விடக் கூடாது. நீங்க பயப்படாதீங்க, விமானத்துலயே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு. அவசரம்னா உடனே குடுத்துருவோம்."

"அவசரம் வந்தாக் குடுப்பீங்க. வராமப் பண்ணுங்கன்னுதான் கேக்குறேன்."

"ரூல்ஸ்மா."

"ரூல்ஸ் எழுதுனவங்க எல்லாம் நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத்தானே எழுதுனாங்க? ஒங்க கேப்டன்கிட்ட கேட்டுட்டு வாங்க. முடியாதுன்னு அவரு சொல்லட்டும். நான் இங்கனயே நிக்கிறேன்."

வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். கழிவறைக்குப் போக வந்தவர்கள் பின்னால் சேர்ந்தார்கள். "அம்மா, கொஞ்சம் தள்ளுங்களேன்" என்று ஒருவர் கெஞ்சினார். "அடக்குங்க. ஒங்களுக்காகவும்தான் கேட்டுட்டு இருக்கேன்," என்றாள். அது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கியிருக்காது. ஆரோக்கியதாஸ் கேப்டனிடம் போனார். கேப்டன் கீழே பேசினார். கழுத்தில் அட்டை தொங்கும் நடுத்தர வயது அதிகாரி ஒருவர் நனைந்தபடி ஏறிவந்தார். விஷயத்தைக் கேட்டார். நோயாளியைப் பார்த்தார். தாடையைத் தடவினார்.

"அம்மே, ஆளு இறங்கான் பாடில்ல," ஆள் இறங்கக் கூடாது என்று மலையாளத்தில் சொன்னவர், தமிழுக்கு மாறினார். "பேட்டரி இறங்கலாம்."

விமானத்தின் கதவிலிருந்து கட்டடத்துக்குப் போகும் நடைக்கூண்டின் சுவரில், தரை துடைக்கிறவர்களுக்காக ஒரு பிளக் இருந்தது. அதில் சொருகினார்கள். கதவைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். நிஹார் வாசலில் நின்றாள். ஈரக் காற்று முகத்தில் அடித்தது. பேட்டரியில் ஒரு பச்சைக் கோடு மினுக்மினுக்கென்று துடித்தது. கணவரின் பக்கத்தில் மலையாண்டி உட்கார்ந்து, குன்றாண்டார்கோவிலில் தன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்வர் பாட்சாவை ஒரு வார்த்தையும் பேசவிடாமல் தானே பேசியது அவர் செய்த பெரிய உபகாரம்.

நிஹாரின் பிடிவாதத்தைப் பற்றி ஊரில் சொல்லப்படுகிற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த வாசலில் அவள் நின்றது கணக்கில் வைக்க வேண்டிய காரியம். அவளால்தான் முதல் பேட்டரி வீணானது என்றும் சொல்லலாம். கட்டிக் கொடுத்ததைக் கேட்காமல் வாங்கியவள் அவள். அந்த நேரத்தில் அவள் கிபாயத்துல்லாவையும் திட்டவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று இரண்டாயிற்று. ஆரோக்கியதாஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. இரண்டு மூன்றாயிற்று. அந்த அதிகாரி அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தீர்ந்துபோயிருந்த மற்றொன்றையும் தானாகவே கேட்டு வாங்கிச் சொருகினார்.

மழை விட்டது. திருச்சியில் இறங்கலாம் என்று செய்தி வந்தது. விமான நிலைய டாக்டர் ஒருவர் ஏறிவந்து அன்வர் பாட்சாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். எண் திருப்தியாக இருந்தது. பேட்டரிகளையும் பார்த்தார். ஒன்றில் மூன்று கோடு, ஒன்றில் இரண்டு, மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததில் ஒன்று. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது வேண்டிய அளவைவிட மேல்.

"தாராளமாப் போகலாம்," என்றார் டாக்டர். "விருப்பம்னா இங்கே இறங்கவும் செய்யலாம், ஆம்புலன்ஸ் நிக்குது. ஆனா அவசியம் இல்லை."

"கேப்டனும் அதான் சொல்றாரும்மா," என்றார் ஆரோக்கியதாஸ். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நீங்க கேட்டது எல்லாம் நடந்துருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க மகளைப் பாக்கலாம். உக்காருங்க, கதவைச் சாத்தப் போறோம்."

நாஜியா திருச்சியில் காரோடு காத்திருந்தாள். மலையாண்டி தன் சீட்டுக்குப் போக எழுந்தார். அன்வர் பாட்சா மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம். இன்னொரு மணி நேரம் அந்த முகத்தை விட்டுவிட்டுப் பச்சைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு ஏலவில்லை.

பிறகு குனிந்து அவருடைய பெல்ட்டைக் கழற்றினாள்.

"நாங்க எறங்குறோம்," என்றாள்.

"என்னக்கா இது! இம்புட்டும் பண்ணிப்புட்டு..." என்றார் மலையாண்டி. ஆரோக்கியதாஸ் மறுபடியும் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பேட்டரிகளைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷினைத் தோளில் மாட்டி, கணவரின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

கொச்சியிலிருந்து ஆம்புலன்ஸில் மலை ஏறி இறங்கி, கம்பம், தேனி, மதுரை வழியாக அவர்கள் கட்டுமாவடிக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. பெட்டி அவர்களுக்கு முன்பே திருச்சிக்குப் போயிருந்தது. அதன் பிறகு அன்வர் பாட்சா அந்த மழைக்காலத்தையும் ஒரு நோன்பு மாதத்தையும் கடற்கரை வீட்டில் கண்டார். கொச்சியில் ஏன் இறங்கினாய் என்று நாஜியா கேட்டாள். ஷார்ஜாவிலிருந்து கிபாயத்துல்லா கேட்டார். ஆஸ்பத்திரி வேலையாக வந்த மலையாண்டிகூட வீடு தேடிவந்து கேட்டுப் பார்த்தார். ஒருநாள் அன்வர் பாட்சாவே கேட்டார். அப்போது அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு உப்பு எடுக்க உள்ளே போனாள்.